இடது கை பெண்டரில் இருக்கும்போது: மேடைக் கீபோர்டுக்கு எந்த மிடி பெடல்?

ஒரு பாடகி, ஒரு ரிதம் பேட், ஒரு கீபோர்டு. கல்யாண ரிசப்ஷனுக்கும் கோயில் கொடைக்கும் இப்போது பல ஊர்களில் இந்த அளவுக் குழுவைத்தான் கூப்பிடுகிறார்கள். குழல், வயலின் கூட்டம், கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), பேஸ் எல்லாம் கீபோர்டுக்காரர் தலையில்தான். பல்லவி வரை இரண்டு கையை வைத்துச் சமாளித்துவிடலாம். பிஜிஎம்மில், அதாவது வரிகளுக்கு இடையே வரும் வாத்திய இசையில், வலது கை குழலை எடுக்கும். குழலில் கமகம் பேச வேண்டுமென்றால் இடது கை பெண்டருக்கு, அதாவது ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு, போயாக வேண்டும். போன கணமே அடியில் ஒலித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரிங்ஸ் நின்றுவிடும். பாட்டின் தரை விலகிவிட்டதுபோல் ஆகிவிடும்.

மிடி பெடல் (மிடி என்பது மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி) வாங்குவது பற்றி வெளிநாட்டுக் கலைஞர்கள் சொல்லும் யோசனைகள் நமக்குப் பாதிதான் பொருந்துவதற்கு இதுதான் காரணம். அவர்கள் இடது கை பெரும்பாலும் கார்ட்ஸிலேயே இருக்கும். அவர்களுக்குக் காலின் வேலை டோன், அதாவது வாத்திய ஒலி, மாற்றுவது, எஃபெக்ட் போடுவது. நமக்கோ இடது கை பாதி நேரம் பெண்டரில். அதனால் எந்தப் பெடலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இடது கை போன பிறகு கார்ட்டை இது தாங்கிப் பிடிக்குமா?

கையில் கிடைக்கும் வழிகள் மூன்று. கீபோர்டின் பின்னால் ஏற்கெனவே இருக்கும் பெடல் ஜாக்குகளை ஒழுங்காகப் பயன்படுத்துவது முதல் வழி. கிடார்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற பட்டன் வரிசை உள்ள மிடி ஃபுட் கன்ட்ரோலர் இரண்டாவது. காலாலேயே நோட் வாசிக்கும் பெடல் மூன்றாவது. வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பரையும், பின்னணியைத் தானே வாசிக்கும் ஆட்டோ ஸ்டைலையும் நான்காவதாகச் சொல்வார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வழியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், செலவு குறைவு என்பதாலேயே. என் பார்வையில் அதிகம் பேச வேண்டியது இதைத்தான்.

சஸ்டெய்ன் பெடல் எல்லாரிடமும் இருக்கிறது. மிடியில் அது 64-ஆம் எண் கன்ட்ரோல். மிதித்தால், விசையிலிருந்து விரல் எடுத்த பிறகும் நோட் நிற்கும். ஸ்பிளிட் போட்டு, அதாவது விசைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, இடப்பக்கம் ஸ்ட்ரிங்ஸ், வலப்பக்கம் குழல் வைத்து இதை மிதித்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரிங்ஸ் நிற்கும், கூடவே குழலின் ஒவ்வொரு ஸ்வரமும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று கூழாகிவிடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிளிட்டுக்குச் சஸ்டெய்ன் ஒத்துவராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நடுத்தர விலைக்கு மேல் உள்ள பெரும்பாலான கீபோர்டுகளில், ஒவ்வொரு பார்ட்டும் (ஒரு டோன் ஒலிக்கும் பகுதி) சஸ்டெய்னைக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனியே வைக்கலாம். ஹோல்ட், டேம்ப்பர், சஸ்டெய்ன் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். குழல் பார்ட்டில் அதை ஆஃப் செய்துவிட்டால், மிதித்தாலும் ஸ்ட்ரிங்ஸ் மட்டும்தான் நிற்கும்.

இன்னும் ஒரு படி மேலே, 66-ஆம் எண்: சொஸ்டெனூட்டோ. பெரிய பியானோவின் நடு மிதியின் வேலை இது. மிதிக்கும் கணத்தில் எந்த விசைகள் அமுங்கியிருக்கின்றனவோ அவை மட்டும் நிற்கும். பிறகு வாசிப்பது எதையும் அது தொடாது. இடது கையால் கார்ட்டைப் பிடித்து, மிதித்து, கையை எடுத்துப் பெண்டருக்குப் போய்விடலாம். பார்ட் வாரியாகச் சஸ்டெய்னைப் பிரிக்க முடியாத கீபோர்டிலும் இது வேலை செய்யும். மிதிக்கும் நொடியில் வலது கை விசையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இருந்தால் அந்த ஒரு ஸ்வரமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். குழல் மூச்சு வாங்கும் இடைவெளியில் மிதித்துப் பழகினால் தன்னால் சரியாகிவிடும். உங்கள் கீபோர்டில் பெடல் ஜாக்குக்குச் சொஸ்டெனூட்டோ வேலையைக் கொடுக்க முடிகிறதா என்று செட்டிங்கில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பலர் பல வருடமாக வைத்திருக்கும் கீபோர்டிலேயே அது இருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. பெண்டர் என்பது மிடியில் ஒரு சேனல் (செய்திகள் போகும் தனி வழி) முழுவதற்குமான செய்தி. கார்ட்டும் குழலும் ஒரே சேனலில் இருந்தால், குழலை வளைக்கும்போது கார்ட்டும் சேர்ந்து வளையும். கேட்கவே முடியாது. இரண்டும் வெவ்வேறு பார்ட்டாக, வெவ்வேறு சேனலில் இருக்க வேண்டும். கார்ட் பார்ட்டின் பெண்ட் ரேஞ்சைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். பெரும்பாலான கீபோர்டுகளில் அது 2 என்று, அதாவது இரண்டு அரைச்சுரம் என்று, முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு எண்ணை மாற்றாமல் எவ்வளவு விலையுள்ள பெடல் வாங்கினாலும் பயன் இல்லை.

இரண்டாவது ஜாக்கில் எக்ஸ்பிரஷன் பெடல். 11-ஆம் எண் கன்ட்ரோல். இதை வால்யூம் பெடல் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் அதன் பாதி பலனை இழக்கிறார்கள். வால்யூம் 7-ஆம் எண், அது தனி. மிக்ஸ் அளவை நிர்ணயிப்பது. எக்ஸ்பிரஷன் அந்த அளவுக்குள்ளேயே ஏறி இறங்குவது. நாதஸ்வரமோ வயலினோ ஒரு ஸ்வரத்தை எடுத்து, வளர்த்து, தேயவிடும் அந்த உயிர் விசையை அழுத்துவதில் வராது. விசை ஒருமுறை அமுங்கியதும் அதன் வேலை முடிந்தது. பிறகு ஸ்வரம் எப்படி வளர்கிறது என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும். பெண்டரும் எக்ஸ்பிரஷனும் சேரும்போதுதான் சாம்பிள் குழல் குழலாகக் கேட்கும். ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பாதி மிதியில் தொடங்கி, பெண்டரால் கீழிருந்து மேலே தொட்டு, தொட்ட பிறகு காலை முழுதாக இறக்கிப் பாருங்கள். அதே டோன்தான், ஆனால் அதற்குள் ஒரு ஆள் ஊதுவதுபோல் இருக்கும்.

அல்லது எக்ஸ்பிரஷனை ஸ்ட்ரிங்ஸ் பார்ட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பியானோவோடு லேயர் போடலாம், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்க வைக்கலாம். பல்லவியில் கால் மேலே, பியானோ மட்டும். சரணத்தின் கடைசி வரியில் மெல்ல மிதித்தால் வயலின் கூட்டம் எழும். டோன் மாற்றாமலேயே இரண்டு வாத்தியம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். எக்ஸ்பிரஷன் பெடலின் ஒயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யமஹாவுக்குச் சரியாக இருப்பது ரோலண்டில் தலைகீழாகவோ அரைகுறையாகவோ வேலை செய்யலாம். மாற்றிப் போட ஸ்விட்ச் உள்ள பெடலாக எடுங்கள். சஸ்டெய்ன் பெடலிலும் மிதித்தால் மூடும் வகை, மிதித்தால் திறக்கும் வகை என்று இரண்டு உண்டு. பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடலைப் பார்த்து எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளும். அதனால் ஆன் செய்யும்போது கால் பெடலில் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கு முழுக்கத் தலைகீழ்தான்.

இந்த முதல் வழியின் எல்லை எங்கே? ஒவ்வொரு புது கார்ட்டுக்கும் இடது கை பெண்டரிலிருந்து திரும்பி வர வேண்டும். இரண்டு பாருக்கு ஒரு கார்ட் மாறும் பாட்டுக்கு இது போதும். ஒரு பாருக்கு இரண்டு கார்ட் வந்தால் கை ஓடிக்கொண்டே இருக்கும், கமகம் கெடும்.

இரண்டாவது வழியான பட்டன் கன்ட்ரோலர்களில் மேடைகளில் அதிகம் தெரிந்த முகம் பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010. பத்து பட்டன், பேங்க் (ப்ரீசெட் தொகுதி) ஏற்ற இறக்க இரண்டு, இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல், 100 ப்ரீசெட் (சேமித்து வைக்கும் செட்டிங்). ஒரே மிதியில் ஐந்து புரோகிராம் சேஞ்ச் (டோனை மாற்றும் செய்தி), இரண்டு கன்ட்ரோல், ஒரு நோட் வரை அனுப்பும். கிடார்காரருக்காகச் செய்தது என்பதால் கட்டுமானம் திடம், ஆனால் பெரிது, கனம். சிங்கப்பூரின் மார்னிங்ஸ்டார் எம்சி6 போன்றவை கைக்கு அடக்கம்; கம்ப்யூட்டரில் வைத்து புரோகிராம் செய்வது எளிது; பட்டன் மேலேயே திரையில் பெயர் தெரியும். இருட்டு மேடையில் அந்தப் பெயர் தெரிவது சின்ன விஷயமில்லை.

பட்டன் எதற்கு உதவும்? பிஜிஎம்முக்குக் குழல், அடுத்த பிஜிஎம்முக்கு சிதார், சரணத்துக்கு எலக்ட்ரிக் பியானோ என்று கையைத் திரைக்குக் கொண்டுபோகாமல் மாற்ற உதவும். பாட்டுக்குப் பாட்டு செட்டிங் மாற்றுவதற்கும் அருமை. கார்ட்டைத் தாங்கிப் பிடிக்குமா என்ற என் முதல் கேள்விக்கு மட்டும், தன்னளவில், இல்லை என்பதுதான் பதில்.

அதோடு புரோகிராம் சேஞ்சுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. டோனை மாற்றினால் ஒலித்துக்கொண்டிருக்கும் சத்தம் பல கீபோர்டுகளில் வெட்டுப்படும். யமஹா மான்டேஜ், கோர்க் க்ரோனோஸ் மாதிரி மேல்தட்டுக் கருவிகளில் பழைய ஒலி தேயும்வரை காத்திருக்கும் வசதி உண்டு. நம்மில் பலரிடம் இருக்கும் கருவியில் இருக்காது. அதற்கு ஒரு வழி: டோனையே மாற்றாதீர்கள். ஒரே பெர்ஃபார்மன்ஸுக்குள் (பல டோன்களைச் சேர்த்து வைத்த செட்டிங்) குழல், சிதார், பியானோ மூன்றையும் தனித்தனி சேனலில் அடுக்கிவிட்டு, பட்டன் ஒன்றுக்குக் குழலின் 11-ஐ முழுதாகவும் மற்ற இரண்டின் 11-ஐப் பூஜ்யமாகவும் அனுப்பச் சொல்லுங்கள். டோன் அப்படியே இருக்கும், அளவு மட்டும் மாறும், டோன் மாற்றுவதால் வரும் வெட்டு வராது; பூஜ்யமாகும் ஒலி மட்டும் உடனே அடங்கும். ஒரு மிதியில் மூன்று கன்ட்ரோல் தேவை என்பதால் எஃப்சிபி1010-இன் சொந்த மென்பொருளில் இது அடங்காது. இந்த இடத்தில்தான் ஒரு பட்டனுக்குப் பல செய்திகள் ஏற்றக்கூடிய மார்னிங்ஸ்டார் வகை தன் விலையை நியாயப்படுத்துகிறது.

நேரடியாக டோன்தான் மாற்றப் போகிறீர்கள் என்றால், எண்ணில் ஒன்று தள்ளி வருவதைக் கவனியுங்கள். மிடி 0 முதல் 127 வரை எண்ணும். பல கீபோர்டுகள் 1 முதல் 128 வரை காட்டும். பேங்கைத் தேர்ந்தெடுக்கும் 0, 32 ஆகிய இரண்டு கன்ட்ரோல்களும் புரோகிராம் எண்ணுக்கு முன்னால் போக வேண்டும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது பெடலின் பின்பக்கம். ஐந்து முள் மிடி அவுட் இருக்கிறதா, யுஎஸ்பி மட்டுமா? கீபோர்டின் சதுர யுஎஸ்பி துளை கம்ப்யூட்டரோடு பேசுவதற்கானது. யுஎஸ்பி மட்டும் உள்ள பெடலை அதில் சொருக முடியாது. எப்படியாவது ஒயர் மாற்றிச் சொருகினாலும் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இரண்டுமே கம்ப்யூட்டருக்குக் கீழ்ப்படியச் செய்தவை, கட்டளையிட யாரும் இல்லை. நடுவில் யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற பெட்டி வேண்டும், இல்லையேல் லேப்டாப். கீபோர்டிலும் ஐந்து முள் மிடி இன் இருக்க வேண்டும். புதிதாக வரும் விலை குறைந்த பல மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லவும் மாட்டேன்.

காலால் நோட் வாசிப்பது புதிதல்ல. சென்னை எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் இருப்பதுபோன்ற குழாய் ஆர்கன்களில் பேஸ் ஸ்வரங்களைக் காலால் வாசிப்பதுதான் மரபு; முழு அளவுப் பெடல் வரிசையில் 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். மேடைக்குத் தூக்கிப் போகும்படி அது 13 கட்டையாக, ஒரு ஸ்தாயியாகச் சுருங்கியது. 1970-களில் மூக் டாரஸ் என்ற பெடல் சிந்தசைசரை வைத்துக்கொண்டு, கனடாவின் ரஷ் குழுவில் கெடி லீ ஒரே ஆளாகப் பாடி, பேஸ் கிடார் வாசித்து, கீபோர்டு வாசித்து, காலாலும் வாசித்தார். மூன்றே பேர் கொண்ட குழு அவ்வளவு பெரிதாக ஒலித்ததில் அந்தக் காலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் கால் செய்ததைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும்: பெரும்பாலும் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள். கை கிடாரிலிருந்து கீபோர்டுக்குப் போகும்போது அடித்தளம் விழாமல் பிடித்துக்கொண்டது கால். நம் பெண்டர் பிரச்சினையும் இதேதான்.

இன்றைக்கு இந்த வகையில் இரண்டு கிளை இருக்கிறது. ஸ்டுடியோலாஜிக் எம்பி-113, ரோலண்ட் பிகே-6 போன்றவை நிஜமான ஆர்கன் கட்டை வடிவில் 13 நோட் உள்ளவை. ரோலண்ட் பிகே-9, ஹேமண்ட் எக்ஸ்பிகே-200 ஆகியவற்றில் 20. அகலமானவை, உட்கார்ந்து வாசிக்க வேண்டியவை, பஸ்ஸில் கொண்டுபோக முடியாதவை. மற்றது கீத் மெக்மில்லனின் 12 ஸ்டெப் மாதிரி, ஒரு கைப்பைக்குள் போகும் ரப்பர் விசைகள். அதன் விசேஷம், ஒரு விசைக்கு ஐந்து நோட் வரை கொடுக்கலாம். ஒரு மிதி, ஒரு முழு கார்ட்.

நம் தேவைக்கு நேராக வந்து நிற்பது இந்தக் கடைசி வசதிதான். ஒரு பாட்டுக்கு நான்கு கார்ட் என்றால் நான்கு விசையில் அவற்றை ஏற்றிவிடலாம். இடது கை பாட்டு முழுக்கப் பெண்டரிலேயே இருக்கலாம். சொஸ்டெனூட்டோவில் இருந்த, கை திரும்பி வர வேண்டும் என்ற தடை இங்கே இல்லை. செய்தி போய்ச்சேர நேரம் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். மிடி நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு நோட்டுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, ஐந்து நோட் கார்ட் ஐந்து மில்லிசெகண்டுக்குள் போய்விடும். காது அதைப் பிரித்தறியாது. தாமதம் வந்தால் அது நம் காலில்தான். கணுக்காலைத் தூக்கி, இடம் பார்த்து, இறக்க நேரமாகும். அதனால் கார்ட்டைச் சற்று முன்கூட்டியே நினைக்கப் பழக வேண்டும். 12 ஸ்டெப் யுஎஸ்பி கருவி என்பதால், ஐந்து முள் மிடிக்கு அதன் தனி எக்ஸ்பாண்டர் பெட்டியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ் லைனைக் காலால் வாசிக்கலாமா என்று கேட்டால், பாட்டைப் பொறுத்தது. ஆறெட்டில் போகும் கிராமியப் பாட்டுக்கு முதல் தட்டிலும் நான்காவது தட்டிலும் ஸா, பா என்று மிதித்தாலே கூட்டம் ஆடும். பக்திப் பாடலுக்கு ஸ்ருதி மாதிரி ஸா-பா பிடித்து வைத்தாலே கனம் வந்துவிடும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளை அப்படித் தொட முடியாது. அவற்றில் பேஸ் கிடார் தனி மெட்டாகவே ஓடும். பாடகர் ஒரு வரி பாடினால் பேஸ் அதற்குப் பதில் சொல்லும். ஒரு ஸ்தாயிக்குள், ஒரு காலால், அதை வாசிக்க வருடக்கணக்கில் ஆர்கன் பயிற்சி வேண்டும். அந்தப் பாட்டுகள்தான் உங்கள் கச்சேரியின் உயிர் என்றால், பெடலுக்கு வைத்த பணத்தில் ஒரு பேஸ் கிடார் கலைஞரை அழையுங்கள். பாட்டு நன்றாக இருக்கும், ஒருவருக்கு வேலையும் கிடைக்கும்.

நோட் பெடலில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் டிரான்ஸ்போஸ், அதாவது வாசிக்கும் விசைகளை மாற்றாமல் ஸ்ருதியை ஏற்றி இறக்குவது. பாடகிக்கு ஐந்தரைக் கட்டை ஸ்ருதி, அடுத்து வரும் பாடகருக்கு ஒரு கட்டை ஸ்ருதி. நாம் பட்டனைத் தட்டி டிரான்ஸ்போஸ் செய்துவிட்டுப் பழகிய விரலிலேயே வாசிப்போம். சில கீபோர்டுகளில் அந்த டிரான்ஸ்போஸ் சொந்த விசைகளுக்கு மட்டும்தான். மிடி வழியாக வெளியிலிருந்து வரும் நோட்டுக்குப் பொருந்தாது. கை ஒரு ஸ்ருதியில், கால் இன்னொரு ஸ்ருதியில் என்று ஆகிவிடும். மாஸ்டர் டிரான்ஸ்போஸ் என்று தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பெடலிலும் தனியாக மாற்ற வேண்டும்.

லூப்பர், ஆட்டோ ஸ்டைல் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு அவை பெரிய துணை. குழுவில் உயிரோடு ஒருவர் ரிதம் பேட் வாசிக்கும்போது, இயந்திரத்தின் வேகத்துக்கு அவரைக் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை. பாடகி ஒரு வரியை உருகி நீட்டினால் ரிதம்காரர் காத்திருப்பார், லூப்பர் காத்திருக்காது.

லேப்டாப் வைத்து வாசிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. மேக்கில் மெயின்ஸ்டேஜ், விண்டோஸில் கான்டபிலே, இரண்டிலும் ஓடும் கிக் பெர்ஃபார்மர் ஆகியவற்றில் எந்தப் பெடலையும் எந்த வேலைக்கும் திருப்பலாம். ஒரு சாதாரண பட்டனுக்கு ஐந்து நோட் கார்ட்டைக் கொடுக்கலாம், சஸ்டெய்னை ஒரு டோனுக்கு மட்டும் வடிகட்டலாம், டோன் மாற்றத்தில் வெட்டே வராமல் செய்யலாம். கையில் இருக்கும் மலிவான பெடல் போதும். ஆனால் நம் பந்தல்களில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸும் யுஎஸ்பி ஹப்பும் தாக்குப்பிடிக்குமா? சின்ன யுபிஎஸ் இல்லாமல் அந்த வழிக்குப் போகாதீர்கள். தனிக் கீபோர்டானாலும் கரண்ட் வந்த பிறகு எக்ஸ்பிரஷன் பெடலை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துவிடுங்கள். பல பெடல்கள் அசைந்தால்தான் தன் நிலையைச் சொல்லும். அதுவரை கீபோர்டுக்குக் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது. நோட் பெடல் வைத்திருப்பவர்கள் 123-ஆம் எண், அதாவது எல்லா நோட்டையும் நிறுத்து என்ற செய்தியை, ஒரு பட்டனில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஒயர் பாதியில் கழன்றால் அந்த ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஆக, யாருக்கு எது? நின்று வாசிப்பவருக்கு நோட் பெடல் வேண்டாம். உடல் எடை ஒரு காலில் இருக்கும்போது மற்றக் கால் நுணுக்கமாக வேலை செய்யாது, முதுகும் கேட்காது. அவருக்குச் சொஸ்டெனூட்டோவும், பாட்டு மாற்ற ஒரு சின்னப் பட்டன் பெட்டியும் போதும். உட்கார்ந்து வாசிப்பவர், அதிலும் குழலும் வயலினும் நாதஸ்வரமும் கமகத்தோடு எடுப்பவர், முதலில் எக்ஸ்பிரஷன் பெடல் வாங்கட்டும், சஸ்டெய்னைக் கார்ட் பார்ட்டுக்கு மட்டும் பிரிக்கட்டும். இதற்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. சில மாதம் அப்படி வாசித்த பிறகும் கார்ட்டுக்காகக் கை ஓடிக்கொண்டிருந்தால், அப்போது கார்ட் ஏற்றக்கூடிய நோட் பெடலுக்குப் போகலாம். வெஸ்டர்ன் பாட்டுகளும் தேவாலயப் பாடல்களும் வாசிப்பவருக்கு இடது கை கார்ட்ஸிலேயே இருக்கும். அவருக்குக் காலில் பேஸ்தான் சரி, 13 கட்டை ஆர்கன் வடிவமே நல்லது. பாட்டுக்குப் பத்து டோன் மாற்றுகிறவருக்குத்தான் பட்டன் கன்ட்ரோலர் முதல் தேவை.

எதை வாங்குவதானாலும் உங்கள் கீபோர்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். இடது கையால் ஒரு கார்ட் பிடித்து, பெடலை மிதித்து, கையை எடுத்துவிட்டு, வலது கையில் குழல் வாசித்துக்கொண்டே பெண்டரை முழுதாக வளையுங்கள். கார்ட் நிற்க வேண்டும், வளையக் கூடாது, குழல் மட்டும் வளைய வேண்டும். பிறகு டிரான்ஸ்போஸைத் தட்டிவிட்டு அதையே இன்னொரு முறை செய்து பாருங்கள். இந்த இரண்டும் தேறினால் விலை பேசலாம்.